காருக்கு எந்த எரிபொருள்? குமரி மாவட்டத்தில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

கார் எடுக்கப் போகிறோம் என்றாலே, "டீசல் எடுங்க, மைலேஜ் கிடைக்கும்" என்று சொல்ல ஆள் இருக்கும். மாதம் எவ்வளவு ஓட்டுவீர்கள், எந்த ரோட்டில் ஓட்டுவீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. பெரிய தவறு அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய், டீசல் 94 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் கார் 17 கிலோமீட்டரும் டீசல் கார் 22 கிலோமீட்டரும் கொடுத்தால், டீசலில் கிலோமீட்டருக்கு சுமார் 1 ரூபாய் 70 காசு மிச்சம். டீசல் மாடலுக்கு ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால், அதைத் திரும்ப எடுக்க 58,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு எப்போதாவது போய்வந்து, மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுகிற குடும்பத்துக்கு இது ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆகும். வாடகைக்கு ஓட்டுபவர்கள், வாராவாரம் மதுரை, சென்னை என்று போகிறவர்கள் கதை வேறு. அவர்களுக்கு டீசல் சரிதான்.

பணத்தோடு முடிந்தாலும் பரவாயில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து டீசல் கார்களின் புகைபோக்கி வழியில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. கரித்துகளைப் பிடித்து வைத்து, பிறகு எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு நல்ல சூடு வேண்டும். கால் மணி நேரமாவது ஒரே சீரான வேகத்தில் வண்டி ஓட வேண்டும். மார்த்தாண்டம் நெரிசலிலும் வடசேரி சந்தைப் பக்கமும் முதல், இரண்டாம் கியரில் நகர்கிற வண்டிக்கு அந்தச் சூடு எங்கிருந்து வரும்? எரிப்பு பாதியில் நிற்கும். அந்த எரிப்புக்காக எஞ்சினுக்குள் கூடுதலாக அடித்த டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலில் கலந்து, ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் அளவு ஏறிக்கொண்டே போகும். ஆயில் தானாகக் கூடியிருந்தால் நல்ல சகுனம் இல்லை, உடனே சர்வீஸில் காட்டுங்கள். டீசல் வண்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அவ்வப்போது ஆரல்வாய்மொழி தாண்டி நாற்கரச் சாலையில் திருநெல்வேலி வரை ஒரு ஓட்டு விட்டு வாருங்கள். டிபிஎஃப் விளக்கு எரிந்த பிறகும் ஊருக்குள்ளேயே சுற்றுவதுதான் செலவு இழுத்துவிடும்.

பெட்ரோலில் இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்த இ20. எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். அதைப் பார்த்து பங்க்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் இதற்கேற்றவை. பழைய வண்டி என்றால் பெட்ரோல் குழாயும் சீல்களும் இறுகவோ கசியவோ செய்கிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் பக்கம் இன்னொரு விஷயம் முக்கியம். வளைகுடாவிலிருந்து லீவுக்கு வருகிறவர்களுக்காக மாதக்கணக்கில் போர்ச்சில் நிற்கும் கார்கள் இங்கே நிறைய. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். நமக்கோ தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு, கடற்காற்று வேறு. தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். கால் டேங்கோடு நிறுத்தாமல் நிரப்பி நிறுத்துங்கள். வீட்டில் யாராவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டட்டும். போர்ச்சிலேயே ஸ்டார்ட் செய்து அணைத்தால் போதாது. தினமும் ஓடும் வண்டிக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

அப்புறம், விலை கூடிய 95 ஆக்டேன் பெட்ரோல். ஆக்டேன் என்பது எரிபொருள் முன்கூட்டியே வெடித்துத் தட்டாமல் தாங்கும் திறன். அது கூடினால் சக்தி கூடும் என்று அர்த்தமில்லை. 91க்கு வடிவமைத்த எஞ்சினில் 95 ஊற்றினால் பெரிதாக எதுவும் மாறாது. மேனுவலில் 95 கேட்டிருந்தால் மட்டும் ஊற்றுங்கள், சில டர்போ வண்டிகளில் கேட்டிருப்பார்கள். எத்தனாலுக்குப் பயந்து 95க்கு மாறுவதிலும் பலன் இல்லை, அதிலும் கலந்தே வருகிறது.

டேங்க் நிரம்பி, பங்க் குழாய் தானாக நின்று ஆட்டோ கட் ஆன பிறகு "கொஞ்சம் ரவுண்டா போடுங்க" என்று கேட்காதீர்கள். ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோல் போய்விடும். டீசல் வண்டியில் தவறிப் பெட்ரோல் ஊற்றிவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். தள்ளி ஓரமாக நிறுத்தி, டேங்கைக் காலி செய்ய மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.