வயிற்றுப்போக்கு பரவும்போது விசாரணையில் நேரும் தவறுகள்

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கும் அளவுக்கு நிலைமை சென்றது. இத்தகைய வேளைகளில் நோய்ப்பரவலியலின் பணி உள்ளூர் சுகாதார ஆய்வாளர் எழுதும் நோயாளிகள் பட்டியலில் தொடங்குகிறது. தவறுகளும் அங்கேயே தொடங்குகின்றன.

மருத்துவமனையில் சேர்ந்த தேதியைக் குறித்துக்கொண்டு, பேதி தொடங்கிய தேதியைக் கேட்காமல் விடுவது முதல் தவறு. கிருமி உடலில் புகுந்த சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாட்களுக்குள் காலரா வெளிப்படும் என்பதால், நோய் தொடங்கிய நாளை அறிந்தால்தான் எந்த நாளின் தண்ணீரைச் சந்தேகிப்பது என்று பின்னோக்கிக் கணக்கிட முடியும். சேர்ந்த தேதியோ வண்டி வசதியையும் கைச்செலவையும் பொறுத்தது. எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுக்காமல் வார்டுகளை ஒப்பிடுவதும் இதே வகைப் பிழைதான்.

இவற்றைவிடப் பெரிய தவறு, நோயாளிகளை மட்டும் விசாரிப்பது. நோயுற்ற அனைவரும் குழாய்த் தண்ணீர் குடித்தார்கள் என்பதால் எதுவும் நிறுவப்படுவதில்லை. நோயுறாத அண்டை வீட்டாரும் அதையே குடித்திருக்கலாம். 1854இல் லண்டனில் காலரா பரவியபோது பிராட் தெருவின் அடிகுழாயைச் சந்தேகித்த மருத்துவர் ஜான் ஸ்னோ, தப்பியவர்களையும் கவனித்தார். அருகிலிருந்த ஏழையர் விடுதியில் 535 பேர் இருந்தும் ஐவரே இறந்தனர். அங்கே தனிக் கிணறு இருந்தது. அதே தெருவின் பீர் ஆலையில் 70க்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் ஒருவரும் இறக்கவில்லை. அவர்கள் அந்தக் குழாயை நாடியதே இல்லை. மாறாக, தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் வசித்த ஒரு மூதாட்டி, அக்குழாய் நீரை விரும்பி வரவழைத்துக் குடித்ததால் இறந்தார். குழாயின் கைப்பிடியைக் கழற்றியதால்தான் கொள்ளைநோய் நின்றது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். செப்டம்பர் 8இல் அது கழற்றப்படும் முன்பே நோய் தணியத் தொடங்கியிருந்ததை ஸ்னோவே ஒப்புக்கொண்டார். நாம் எடுத்த நடவடிக்கைக்குப் பின் எண்ணிக்கை குறைந்தால், அதனால்தான் குறைந்தது என்று அறிக்கை எழுதும் அவசரம் நம் அலுவலகங்களுக்கும் உண்டு.

மல மாதிரியை ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு எடுப்பதால் கிருமி தென்படாமல் போகலாம். ஆய்வக முடிவு வரும்வரை குளோரின் கலக்காமல் காத்திருப்பது அதைவிட ஆபத்தானது. மேல்நிலைத் தொட்டியில் மட்டும் அளந்து திருப்தியடைவதும் போதாது: விட்டுவிட்டு நீர் வரும் குழாய்களில் அழுத்தம் குறையும்போது விரிசல்கள் வழியே சாக்கடை உள்ளே இழுக்கப்படுவதால், லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்கிறதா என்று தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் பார்க்க வேண்டும்.