விவாகரத்து ஆணைப்படி வீடும் வரவில்லை, பணமும் வரவில்லையா? ஈ.பி. எப்போது, அவமதிப்பு மனு எப்போது?

பரஸ்பர சம்மத விவாகரத்து முடிந்து ஆணையும் கைக்கு வந்துவிட்டது. வீட்டில் தன் பங்கை உங்கள் பெயருக்கு எழுதித் தருவதாகவும், வீட்டுக் கடனைத் தானே அடைப்பதாகவும், 15 லட்ச ரூபாயை இரண்டு தவணையில் கொடுப்பதாகவும் அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் தவணை வந்தது. அதற்குப் பிறகு போனை எடுப்பதே இல்லை.

இந்த நிலையில் வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "கன்டெம்ட் போட்டு உள்ளே வைக்க முடியுமா சார்?" என்றுதான். கன்டெம்ட் என்பது நீதிமன்ற அவமதிப்பு மனு; அதில் சில நேரம் முடியும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது ஈ.பி., அதாவது நிறைவேற்று மனு. தமிழ்நாட்டுக் குடும்ப நீதிமன்றங்களில், இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் முடிந்த வழக்குகளை மனதில் வைத்து வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: சான்றிட்ட நகலை வாங்கிப் படியுங்கள்

ஜெராக்ஸ் போதாது. நகல் மனு போட்டு, முத்திரையோடு தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். இருவரும் கையெழுத்துப் போட்ட உடன்படிக்கை அந்த ஆணையின் ஒரு பகுதி என்று அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மேற்கொண்டு எதையும் செய்வதற்கு முன் வக்கீலிடம் காட்டுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். இந்த இரண்டு வரிகளையும் பாருங்கள்:

"இரண்டாம் மனுதாரர் வீட்டுக் கடனைக் கட்டி முடிப்பார்."

"இரண்டாம் மனுதாரர் வீட்டுக் கடன் முழுவதையும் 30.06.2025-க்குள் அடைத்து, மூலப் பத்திரங்களை வங்கியிலிருந்து பெற்று முதல் மனுதாரரிடம் ஒப்படைப்பதாக இந்த நீதிமன்றத்துக்கு உறுதி அளிக்கிறார்."

முதல் வரியில் தேதியே இல்லை. என்றைக்கு மீறினார் என்று எதை வைத்துச் சொல்வது? "கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று அவர் பத்து வருஷம் ஓட்டலாம். இரண்டாவது வரியில் தேதி இருக்கிறது, பத்திரம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே "நீதிமன்றத்துக்கு உறுதி" என்ற சொல் இருக்கிறது. நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், 1971-இன் 2(பி) பிரிவு சொல்வது இரண்டு: ஆணையை வேண்டுமென்றே மீறுவது, நீதிமன்றத்துக்குக் கொடுத்த உறுதிமொழியை வேண்டுமென்றே மீறுவது. இருவரும் சமரசம் பேசி, அதன்படி ஆணை பிறந்ததாலேயே அது நீதிமன்றத்துக்குக் கொடுத்த உறுதிமொழி ஆகிவிடாது என்று 1979-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஈ.பி. போட வழி இருக்கிறது என்பதற்காக அவமதிப்பு மனுவைத் தள்ளத் தேவையில்லை என்று 2006-இல் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், உங்கள் ஆணையின் வாசகம்தான் உங்கள் பலம்.

படி 2: எழுத்தில் கேளுங்கள்

என்ன பாக்கி, எந்தப் பத்தியின்படி, எத்தனை நாளுக்குள் என்று குறிப்பிட்டு, ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் நோட்டீஸ் அனுப்புங்கள். கடன் கணக்கு விவரம், உங்கள் வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். "இல்லாததால் தரவில்லை" என்பது அவமதிப்பில் நல்ல எதிர்வாதம். இருந்தும் தரவில்லை என்று காட்டுவது உங்கள் வேலை. அதே மாதம் புதுக் கார் வாங்கிப் படம் போட்டிருந்தால் அதையும் சேமியுங்கள்.

படி 3: ஈ.பி.

குடும்ப நீதிமன்றச் சட்டம் 18-ஆவது பிரிவின்படி, இந்த ஆணை சிவில் கோர்ட் தீர்ப்பாணை போலவே நிறைவேற்றத்தக்கது. ஆணை தந்த நீதிமன்றத்திலேயே மனு போடலாம். பணத்துக்கு 12 வருஷம் வரை அவகாசம் உண்டு. அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஆணை தேதியிலிருந்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டால் எதிர்த்தரப்புக்கு முதலில் நோட்டீஸ் போக வேண்டும், அதிலேயே சில வாய்தா போய்விடும்.

பணம் என்றால் வங்கிக் கணக்கு, நிலம், சம்பளம் ஆகியவற்றை ஜப்தி கேட்கலாம். சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் ஜப்திக்கு உட்படாது. சொத்து என்ன இருக்கிறது என்றே தெரியவில்லையா? 30 நாள் கடந்தும் கட்டாதவரிடம் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கேட்க சிவில் நடைமுறைச் சட்டத்தில் 21-ஆவது கட்டளையின் 41-ஆவது விதி இருக்கிறது. சிவில் சிறையும் உண்டு, அதிகபட்சம் 3 மாதம். பணப் பாக்கிக்காகப் பெண்களை அப்படி அடைக்க முடியாது. ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: அவர் உள்ளே இருக்கும் நாட்களுக்கான சாப்பாட்டுப் படியை நீங்கள்தான் கட்ட வேண்டும். அவர் வெளியே வந்தாலும் கடன் அப்படியே நிற்கும்.

வீட்டை எழுதித் தர மறுத்தால் சண்டையே வேண்டாம். அதே கட்டளையின் 34-ஆவது விதியில் பத்திர வரைவை நீங்களே தயாரித்து நீதிமன்றத்தில் கொடுக்கலாம். எதிர்த்தரப்பின் ஆட்சேபணையைக் கேட்டு முடித்த பின், அவருக்குப் பதிலாக நீதிமன்றமே கையெழுத்திட்டுக் கொடுக்கும். என் கணக்கில் இதைவிடச் சுத்தமான வழி கிடையாது.

படி 4: அவமதிப்பு மனு

இதைக் குடும்ப நீதிமன்றத்தில் போடக் கூடாது. சென்னை உயர் நீதிமன்றம் அல்லது மதுரைக் கிளையில்தான் போட வேண்டும். மீறிய நாளிலிருந்து ஒரு வருஷம்தான் கெடு. மேலே காட்டிய உதாரணத்தில் 30.06.2025-க்கு மறுநாளே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. ஒரு அம்மா 14 மாதம் கழித்து என்னிடம் வந்தார். "அடுத்த மாசம் கண்டிப்பா" என்று மாதாமாதம் வந்த செய்திகளைப் பத்திரமாக பிரின்ட் எடுத்து வைத்திருந்தார். அவமதிப்புக்குக் கெடு முடிந்திருந்தது, ஈ.பி.தான் போட்டோம்.

தண்டனை 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடைமுறையில் அவர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டு அவகாசமும் வாங்குவார். அப்போது புதுத் தேதியும் தொகையும் ஆணையில் பதிவாகிறதா என்று கவனியுங்கள். அவமதிப்பு மனுவை வெறும் வசூல் கருவியாக்கினால் நீதிபதிக்குப் பிடிக்காது. உறுதிமொழி தெளிவாக இருந்து, வேண்டுமென்றே மீறியது தெரிந்தால் மட்டும் போடுங்கள்.

படி 5: வங்கியை மறக்காதீர்கள்

உங்கள் விவாகரத்து ஆணை வங்கியைக் கட்டுப்படுத்தாது. கடன் பத்திரத்தில் இருவர் கையெழுத்தும் இருந்தால், அவர் கட்டாத இ.எம்.ஐ. உங்கள் சிபில் மதிப்பெண்ணைத்தான் முதலில் கடிக்கும். இணைக் கடனாளி என்ற இடத்திலிருந்து உங்கள் பெயரை நீக்கக் கேட்டு வங்கிக்கு எழுதுங்கள். அவர் ஒருவரின் வருமானம் போதும் என்று தோன்றினால்தான் சம்மதிப்பார்கள். மறுத்தால், முடிந்தவரை தவணையை நீங்களே கட்டி ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். "அவர் தவறி நான் கட்டினால் அந்தத் தொகையை அவர் எனக்குத் திருப்பித் தர வேண்டும்" என்று உடன்படிக்கையில் ஒரு வரி இருந்தால் அதையும் ஈ.பி.யிலேயே கேட்கலாம். இல்லையென்றால் தனி வழக்காக இழுக்கும். இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள் அந்த வரியைச் சேர்க்கச் சொல்லி இன்றைக்கே உங்கள் வக்கீலிடம் பேசிவிடுங்கள்.