மௌனப் பேய்ப்படத்துக்கு நேரடி இசை: ஒத்திகைக்கு முன் ஒரு குறிப்பு

ராயபுரத்து மொட்டை மாடியில் திரை கட்டி, 1922-இல் வெளிவந்த, ஜெர்மானிய இயக்குநர் முர்னாவின் ‘நாஸ்ஃபெராட்டு’ போன்ற மௌனப் படத்துக்கு நேரடியாக வாசிக்க விரும்புவோர், திரையிடப்போகும் அதே பிரதியைக் கொண்டே ஒத்திகை பார்க்க வேண்டும். அக்காலப் படங்கள் ஒரே வேகத்தில் ஓட்டப்படாததால், பிரதிக்குப் பிரதி ஓடும் நேரம் நிமிடக்கணக்கில் மாறும். அப்படத்தில், படிக்கட்டுச் சுவரில் பேயின் கூன் விழுந்த நிழல் நீண்ட விரல்களுடன் மேலேறும் காட்சியில் மற்ற வாத்தியங்களை எல்லாம் நிறுத்திவிட்டு, பறையின் விளிம்பை மட்டும் விரல்நுனியால் மெல்லத் தட்டுங்கள்; அந்த வெறுமையைவிட அச்சமூட்டும் ஒலி வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். கடற்காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும் என்பதால், பறையைத் தொடக்கத்தில் ஒருமுறையும் இடைவேளையில் மறுமுறையும் தீயில் காய்ச்சிக்கொள்ளுங்கள். ஆர்மோனியம் வாசிப்பவரின் விளக்கு வெளிச்சம் திரையில் படக் கூடாது.