வீட்ல சயின்ஸ் எக்ஸ்பெரிமென்ட் காட்டறது எப்படி: ஜூலியஸ் சம்னர் மில்லர் ஸ்டைல்

வீட்ல பசங்களுக்கு எக்ஸ்பெரிமென்ட் காட்டற முக்காவாசி பேர் என்ன பண்றாங்கன்னா, பாட்டிலை எடுத்து வைக்கறதுக்கு முன்னாடியே "இன்னிக்கு காத்தழுத்தம் பத்தி பாக்கப்போறோம்"னு ஆரம்பிச்சுடறாங்க. அவ்ளோதான், விஷயம் என்னன்னு தெரிஞ்சுபோச்சு, அப்பறம் பசங்க எதுக்கு உக்காந்து பாக்கணும், மொபைலைத் தேடிப் போயிடுதுங்க.

இதை எப்படிப் பண்ணணும்னு கத்துக்க எனக்குத் தெரிஞ்சு பெஸ்ட் ஆளு ஜூலியஸ் சம்னர் மில்லர். அமெரிக்காக்காரர், 1909ல மாசசூசெட்ஸ்ல பொறந்தவர். பிசிக்ஸ் படிச்சு முடிச்ச நேரம் பாத்து அங்க பொருளாதார மந்தம், வேலையே கிடைக்காம பாஸ்டன்ல ஒரு டாக்டர் வீட்ல பட்லரா இருந்திருக்கார். பின்னாடி கலிஃபோர்னியாவுல எல் கமீனோ காலேஜ்ல ப்ரொஃபசர். ஆனா அவர் பெரிய ஸ்டார் ஆனது ஆஸ்திரேலியாவுல, 1963ல ஏபிசி டிவில "வொய் இஸ் இட் ஸோ?"னு ஒரு ப்ரோக்ராம் ஆரம்பிச்சு 1986 வரைக்கும் ஓடுச்சு. அங்க கேட்பரி சாக்லேட் விளம்பரத்துலயே அவரைப் போட்டாங்க, பிசிக்ஸ் வாத்தியாரை வெச்சு சாக்லேட் விக்கலாம்னு ஒரு கம்பெனி நினைச்சிருக்குன்னா மனுஷன் எவ்ளோ ஃபேமஸ்னு பாத்துக்கோங்க.

முதல் வேலை, யூடியூப்ல அவரோட பழைய கிளிப் ரெண்டு மூணு பாருங்க. பறக்கற முடி, தடி ஃப்ரேம் கண்ணாடி, புதர் மாதிரி புருவம், குரல் திடீர்னு ஏறும், திடீர்னு ரகசியம் சொல்ற மாதிரி இறங்கும். இதைப் பாத்துட்டு "ஓ எனர்ஜிதான் மேட்டர் போல"னு நினைச்சு நாமளும் கத்த ஆரம்பிச்சா வேலைக்கு ஆகாது. இன்னொரு தடவை சவுண்டைக் குறைச்சுட்டு பாருங்க, அவர் கை எப்ப நிக்குதுன்னு கவனிங்க. எக்ஸ்பெரிமென்ட் நடக்கறதுக்கு ஒரு நொடி முன்னாடி நிறுத்துவார், நடந்து முடிஞ்ச உடனே பதிலைச் சொல்லாம ஏன் இப்படி ஆச்சுன்னு நம்ம பக்கம் தள்ளி விடுவார். நூறு தடவை பண்ணின எக்ஸ்பெரிமென்ட்டா இருந்தாலும் அவர் முகத்துல அந்த ஆச்சரியம் வரும், அது நடிப்புன்னு எனக்குத் தோணல. என்னைக் கேட்டா ஆளோட மொத்த கவர்ச்சியும் அந்தத் தள்ளிப்போடறதுலதான் இருக்கு.

சரி, இப்ப முட்டை பாட்டில் எக்ஸ்பெரிமென்ட்டை அவர் ஸ்டைல்ல எப்படி காட்டறதுன்னு சொல்றேன்.

தேவையானது ஒரு கண்ணாடி பாட்டில், அதோட வாயை விட கொஞ்சமே பெரிசா ஒரு அவிச்சு உரிச்ச முட்டை. கோழி முட்டைக்கு அகல வாய் பாட்டில் கிடைக்கலன்னா காடை முட்டை வாங்கிக்கோங்க, சாதாரண சாஸ் பாட்டில் சைஸுக்கு சரியா வந்துடும். பாட்டில் வாயிலயும் முட்டையிலயும் லைட்டா எண்ணெய் தடவிடுங்க. இதெல்லாம் பசங்க வர்றதுக்கு முன்னாடியே ரெடியா இருக்கணும், தீப்பெட்டி தேடி எழுந்து போனீங்கன்னா மூடே போயிடும்.

முட்டையை பாட்டில் மேல வெச்சு "கையால அமுக்காம, முட்டை உடையாம, இதை உள்ள அனுப்ப முடியுமா?"ன்னு கேளுங்க. ஒவ்வொருத்தரையும் ஒரு பதில் சொல்ல வைங்க, முடியாதுன்னு சொன்னாலும் ஓகே, ஆனா வாயைத் திறந்து சொல்லணும். ஏன்னா தான் சொன்னது சரியா தப்பான்னு பாக்கவாவது புள்ள அங்க உக்காந்திருக்கும். மில்லர் இதுல கில்லாடி. காலி கிளாஸைத் தூக்கிக் காட்டி இதுல தண்ணி இருக்குன்ற மாதிரி பேசிட்டே போய், கூட்டத்துல ஒருத்தரைக் கேட்டு ஆமான்னு தலையாட்ட வெச்சுட்டு, அப்பறம் கிளாஸ் காலின்னு காட்டி கலாய்ப்பார். அந்தக் கலாய்க்கறது மட்டும் நமக்கு வேணாம், டிவில அது நல்லாருக்கும், வீட்ல ஏழு வயசுப் புள்ளையை எல்லார் முன்னாடியும் அப்படிப் பண்ணினா அடுத்த தடவை வாயே திறக்காது.

இப்ப ஒரு சின்ன பேப்பர் துண்டைக் கொளுத்தி பாட்டிலுக்குள்ள போட்டு (இது பெரியவங்க வேலை) உடனே முட்டையை மேல வைங்க. முட்டை முதல்ல லேசா துள்ளும், தீ அணையும், அப்பறம் மெதுவா நெளிஞ்சு நெளிஞ்சு "ப்ளக்"னு உள்ள போயிடும். இந்த இடத்துல தயவுசெஞ்சு பேசாதீங்க. கத்தட்டும், ஏன் ஏன்னு கேக்கட்டும், நீங்களும் திருப்பி "ஏன்?"னு மட்டும் கேளுங்க.

கொஞ்சம் பெரிய புள்ளையா இருந்தா "தீ ஆக்சிஜனைத் தின்னுடுச்சு, அதனால உள்ள காலியாயிடுச்சு"ன்னு சொல்லும். பெரியவங்க நிறைய பேர் நம்பறதும் இதுதான், ஆனா முக்கியமான காரணம் அது இல்ல. தப்புன்னு சொல்லாம செஞ்சு காட்டுங்க: வேற பாட்டில் எடுத்து முதல்ல வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி ஆட்டி (நேரா கொதிக்கற தண்ணி ஊத்தினா கண்ணாடி விரிசல் விடும்), அப்பறம் நல்ல சூடான தண்ணி ஊத்தி, கீழ கொட்டிட்டு, முட்டையை வைங்க. தீயே இல்ல, ஆனாலும் முட்டை உள்ள போகும். இப்ப அந்த ஆக்சிஜன் கதை என்ன ஆச்சு? இங்க வர்ற அமைதி இருக்கே, அதுக்காகத்தான் இவ்ளோ நேரம் பொறுமையா இருந்தது.

அப்பறம் விளக்கம் சொல்லலாம், அதுவும் ரெண்டே வரில. சூட்டுல காத்து விரிஞ்சு கொஞ்சம் வெளிய ஓடிடுது, முட்டை துள்றது அதனாலதான், உள்ள மிச்சம் இருக்கறது ஆறும்போது அழுத்தம் குறையுது, வெளிக்காத்து முட்டையை உள்ள தள்ளுது. அந்த வெளிக்காத்து ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலயும் கிட்டத்தட்ட ஒரு கிலோ வெயிட் மாதிரி அமுக்கிட்டே இருக்கு, நம்ம மேலயும்தான், இதைச் சொன்னா உள்ளங்கையைத் திருப்பித் திருப்பி பாப்பாங்க. முட்டை உள்ள இழுக்கப்படல, வெளிய இருந்து தள்ளப்படுது, இதை மட்டும் அழுத்திச் சொல்லுங்க. முட்டையை வெளிய எடுக்கணும்னா பாட்டிலைக் கவுத்து முட்டை வாய்ல வந்து உக்காந்ததும் உள்ள பலமா ஊதிட்டு வாயை எடுத்துடுங்க, வந்துடும்.

இது ஹிட் ஆச்சுன்னா அடுத்து கூல்ட்ரிங்க்ஸ் கேன். காலி அலுமினியம் கேன்ல ரெண்டு ஸ்பூன் தண்ணி விட்டு அடுப்புல நல்லா ஆவி வர்ற வரைக்கும் காய்ச்சி, இடுக்கில பிடிச்சு, ஐஸ் தண்ணி இருக்கற பாத்திரத்துல சட்டுனு கவுத்துடுங்க. டமால்னு நசுங்கும். ஆவி தண்ணியா மாறும்போது இடம் ஆயிரம் மடங்குக்கும் மேல சுருங்கிடுது, மிச்சத்தை அதே வெளிக்காத்து பாத்துக்கும். இதுக்கு நீங்க எதுவும் பண்ண வேணாம், சத்தமே போதும்.

ஒரே நாள்ல அஞ்சாறு எக்ஸ்பெரிமென்ட் அடுக்காதீங்க, ரெண்டு போதும். மூணாவது ஒண்ணை மட்டும் பதில் சொல்லாம விட்டுட்டு எழுந்துடுங்க. அதுக்கு மில்லர் பண்ணின உருளைக்கிழங்கு ஸ்ட்ரா நல்லா செட் ஆகும். வேகவைக்காத உருளைக்கிழங்கு, சாதாரண பிளாஸ்டிக் ஸ்ட்ரா. சும்மா குத்தினா ஸ்ட்ரா மடங்கிடும். மேல் ஓட்டையை கட்டைவிரலால மூடிக்கிட்டு நேரா வேகமா குத்தினா உள்ள இறங்கிடும். கட்டைவிரல் ஏன்னு பசங்க கிட்ட சொல்லாதீங்க, நானும் இங்க எழுதப் போறதில்ல. கிழங்கை ரெண்டு பக்கமும் விரலால பிடிங்க, உள்ளங்கைல வெச்சு குத்தாதீங்க, ஸ்ட்ரா மறுபக்கம் வந்துச்சுன்னா கையைப் பதம் பாத்துடும்.