வருஷக்கணக்கில் இழுத்த ஆல்பம் ஏன் மனசில் ஒட்டுவதில்லை: டெல்டா பேண்டுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலேஜ் நாளில் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ சேர்ந்து வாசித்து, வேலைக்கென்று பிரிந்து, பல வருஷம் கழித்துக் கூடும் ராக் பேண்டுகளுக்குப் பெரிய பயம் தாமதம்தான். 'நம்மை மறந்திருப்பாங்களே' என்ற கவலை. ஆனால் தாமதம் மட்டுமே ஒரு ஆல்பத்தைக் கவிழ்ப்பதில்லை. டூல் என்ற அமெரிக்க ராக் பேண்ட் 2006-க்குப் பிறகு 2019-இல்தான் அடுத்த ஆல்பம் போட்டது. அதே நால்வர், புதுப் பாட்டுகளில் சிலவற்றை முன்கூட்டியே மேடையில் வாசித்தும் காட்டினார்கள். அமெரிக்காவில் நேராக முதலிடம்.

இன்னொரு அமெரிக்க ராக் பேண்டான கன்ஸ் என் ரோசஸின் 'சைனீஸ் டெமாக்ரசி' ஆல்பம் வேறு மாதிரி. 1991-க்குப் பிறகு சொந்தப் பாட்டுகளோடு வந்த ஆல்பம் அது, 2008 நவம்பரில். பழைய ஆட்களில் பாடகர் ஆக்சல் ரோஸும் கீபோர்டு டிஸ்ஸி ரீடும் மட்டுமே மிச்சம். ஐந்து கிட்டாரிஸ்டுகளின் வாசிப்பு அடுக்கடுக்காக ஏறியிருந்தது. ஒருவர் வாசித்த டிரம்ஸை இன்னொருவர் அச்சு மாறாமல் திரும்ப வாசித்தார். ஆல்பம் வந்த பிறகு சுற்றுப்பயணத்தைத் திரும்பத் தொடங்கியதோ 2009 டிசம்பரில்தான். உழைப்புக்குக் குறைவில்லை, நல்ல பாட்டுகளும் உண்டு. ஆனால் நாலு பேர் ஒரே அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிக்கும் சூடு அதில் இல்லை.

நம் பக்கம் இதே தவறு சின்ன அளவில் நடக்கிறது. டிரம்ஸ் திருச்சியில், கிட்டார் பெங்களூரில், பாட்டு மயிலாடுதுறையில் என்று ஃபைல் அனுப்பியே ஆல்பம் முடிகிறது. டிரம்ஸ், பேஸ், ரிதம் கிட்டார் மூன்றையாவது ஒரே அறையில், ஒரே மூச்சில் பதிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதன்மேல் ஏறட்டும்.

நாயனம் (நாதஸ்வரம்) சேர்க்கும் பேண்டுகள் சறுக்குவது சுருதியில். நரசிங்கம்பேட்டையில் செய்யும் நீளமான பாரி நாயனம் பெரும்பாலும் 2 அல்லது 2½ கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு; எண் கூடினால் சுருதி ஏறும்). கிட்டாரின் தடித்த கம்பி சாதாரண டியூனிங்கில் 3 கட்டை. வீட்டிலேயே 3 கட்டையில் கிட்டாரைப் பதிந்து அனுப்பிவிட்டு, நாயனத்தைக் கம்ப்யூட்டரில் அரைக் கட்டையோ ஒரு கட்டையோ ஏற்றுகிறார்கள். வாயில் வைத்து ஊதும் சீவாளியின் அந்தக் கரகரப்பு போய், பிளாஸ்டிக் பீப்பி மாதிரி ஆகிவிடும். வரிசையைத் திருப்புங்கள். வித்வானிடம் எந்தக் கட்டை நாயனம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். 2½ என்றால் ஆறு கம்பியையும் அரைக் கட்டை இறக்குங்கள். 2 என்றால் ஒரு கட்டை. சீவாளி நனைந்து, குழல் சூடேறும்வரை அவர் ஊதட்டும். அதற்குப் பிறகுதான் அந்த சுருதிக்கு கிட்டாரைச் சேர்க்க வேண்டும். இருபத்திரண்டு வயதில் எட்டிய மேல் ஸ்தாயி நாற்பதில் எட்டாது என்பதால், இப்படி இறக்குவது பாடகருக்கும் நல்லது.

பழைய பதிவுகளைத் தூசி தட்டும்போது சாம்பிள் ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிந்தது என்ற எண்ணை, பார்க்காமல் விடுகிறார்கள். 44,100-இல் பதிந்ததை மாற்றாமல் 48,000 ப்ராஜெக்டில் திறந்தால் பாட்டு கிட்டத்தட்ட 9 சதவீதம் வேகமாக ஓடும், சுருதி முக்கால் கட்டை ஏறும். அது புரியாமல் அதன்மேல் புதிதாகப் பாடி வைத்த வேலை அத்தனையும் வீண்.

வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பான மாஸ்டரிங்கில் சத்தத்தை முட்ட முட்ட ஏற்றவும் வேண்டாம். பாட்டு கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துவிடும். மிஞ்சுவது நசுங்கிய தவில்தான்: தொப்பி என்ற ஒரு முகத்தில் கழி விழும் அடியும், வலந்தலை என்ற மறுமுகத்தில் கூடு (விரலுறை) போட்ட விரல் தெறிக்கும் 'சட்'டும் ஒரே மட்டத்தில் கிடக்கும்.

வெளியீட்டில் இரண்டு விஷயம். பழைய பாட்டை மறுபடி ஏற்றும்போது அதே ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணை (ஒவ்வொரு பதிவுக்கும் உரிய அடையாள எண்) கொடுங்கள், இல்லையேல் கேட்ட கணக்கு பூஜ்யத்தில் தொடங்கும். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்டுக்குப் பரிந்துரைக்கக் வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே பாட்டு போய்ச் சேர வேண்டும். அதுவும் ஒரு நேரத்தில் ஒரு பாட்டுக்குத்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மேடை. ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த மைதானம் சரிவராது. சித்திரை, வைகாசி திருவிழா மேடைகள்தான் சோதனைக் களம். பழைய பாட்டுகளுக்கு நடுவே அறிவிக்காமல் இரண்டு புதுப் பாட்டு வையுங்கள். எந்த இடத்தில் ஜனம் எழுந்து டீக்கடைப் பக்கம் நகர்கிறது என்று ஒருவர் பின்னால் நின்று குறித்துக்கொள்ளட்டும். மிக்ஸிங்குக்கு உட்காருமுன் அந்த இடத்தை வெட்டுங்கள்.