வாட்ஸ்அப் வீடியோ உண்மையில் எங்கே எடுத்தது? நான் கண்டுபிடிக்கும் முறை

2023 மார்ச் முதல் வாரம். திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நிற்கும் பீகார் பையன் ஒரு வீடியோவைக் காட்டி, "சார், ஊருக்குப் போயிடட்டுமா?" என்றான். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளிகளை வெட்டுகிறார்கள் என்று மேலே இந்தியில் எழுதியிருந்தது. பொய் என்று தெரிகிறது, நிரூபிக்கத் தெரியவில்லை. அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்தேன். இப்போது பத்து நிமிஷ வேலை.

1. வீடியோவை நிறுத்தி நிறுத்தி நாலைந்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். முகம் வேண்டாம், கடை போர்டு, வண்டி நம்பர் பிளேட், சுவர் விளம்பரம் தெரிகிற இடமாகப் பாருங்கள். பிளேட்டில் 'ஆர்ஜே' இருந்தால் ராஜஸ்தான், பாதி வேலை முடிந்தது.

2. கூகுள் லென்ஸ்: படத்தைப் போட்டால் அதே படம் வேறு எங்கே இருக்கிறது என்று தேடித் தரும். நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே போட்டேன். லென்ஸ் காட்சியை விட்டுவிட்டு, மேலே ஒட்டியிருந்த எழுத்தைப் படித்து, அதே வதந்தியைப் போட்ட பக்கங்களைக் கொண்டுவந்து கொட்டியது. அதில் செய்தித் தளங்களும் இருந்தன. பேப்பர்காரனே போட்டிருக்கானே என்று எனக்கே வயிறு கலங்கிவிட்டது. எழுத்து, லோகோ, வாட்ஸ்அப் ஓரம் எல்லாவற்றையும் க்ராப் செய்து வெறும் காட்சியை மட்டும் போடுங்கள். அப்படித் தேடியபோதுதான் ஒரு காட்சி, ஜோத்பூரில் பிப்ரவரியில் ஒரு வழக்கறிஞரைக் கொன்றபோது பதிவானது என்று தெரிந்தது.

கட்டிடம், தெரு என்றால் எனக்கு லென்ஸைவிட, அதே மாதிரி படம் தேடும் ரஷ்யத் தளமான யாண்டெக்ஸ் பிடிக்கும். பழைய ஃபோட்டோவுக்கு டின்ஐ (TinEye) என்ற படத்தேடல் தளம்; பழசிலிருந்து வரிசைப்படுத்தித் தரும். ஏஐ சாட்பாட்டிடம் மட்டும் கேட்காதீர்கள், நம்மைவிடத் தைரியமாகத் தப்பாகச் சொல்லும்.

3. கூகுளில் தேதி வரம்பு வையுங்கள். வதந்தி கிளம்பிய நாளுக்கு முந்தைய நாளோடு முடியட்டும். அதற்கு முன்பே அந்தக் காட்சி வெளியாகியிருந்தால் கதை முடிந்தது.

4. மறுப்பு வந்திருக்கிறதா என்று கடைசியில் பாருங்கள். அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு அந்த வாரமே வீடியோவில் விளக்கம் சொன்னார்: பரவியவற்றில் ஒன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். "போலீஸ் சொன்னால் நம்பிவிடுவதா?" என்று கமென்ட்டில் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தேன். ஆனால் பீகார் அரசும் தன் பங்குக்கு நாலு பேர் குழுவை இங்கே அனுப்பி விசாரித்தது.

பிற்சேர்க்கை: அந்த வதந்தியோடு சேர்ந்து பரவிய, கூட்டம் நிரம்பி வழியும் ரயில் வீடியோவை லென்ஸில் போட்டும் பழைய பதிவு எதுவும் கிடைக்கவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். கிடைக்காது. அது அந்த வாரமே, இங்கேயே எடுத்ததுதான். 'உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள்' என்ற தலைப்புதான் பொய். இதற்கு லென்ஸ் வேண்டாம், காலண்டர் போதும்: மார்ச் 8 ஹோலி, பண்டிகைக்கு ஊருக்குப் போன கூட்டம் அது. எங்கள் பையனும் அப்படி ஒரு ரயிலில்தான் போனான், ஜனவரியிலேயே எடுத்து வைத்திருந்த டிக்கெட்டில்.