அயர்லாந்துக்கு ஜோடியாகப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

வரைபடத்தில் அயர்லாந்து சின்னதாகத் தெரியும். பயணத் திட்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் அதனால்தான். டப்ளினில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, இன்று மோஹர் பாறைகள், நாளை பெல்ஃபாஸ்ட், மறுநாள் கார்க் என்று எழுதிவிடுகிறார்கள். டப்ளினிலிருந்து மோஹருக்குப் போய்த் திரும்பும் சுற்றுலா பஸ்ஸுக்கே ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகும். அங்கே இருக்கக் கிடைப்பது ஒன்றரை, இரண்டு மணி நேரம். 214 மீட்டர் உயரத்திலிருந்து அட்லாண்டிக்கைப் பார்க்க அவ்வளவு தூரம் போய், பனிமூட்டம் விலகும்வரை நிற்க நேரமில்லாமல் பஸ்ஸில் ஏறுவது கொடுமை.

ஒரு வாரம் இருக்கிறதென்றால் பாதியை டப்ளினுக்கும் பாதியை மேற்குக் கரையிலுள்ள கால்வே நகருக்கும் கொடுங்கள். கால்வேயிலிருந்து மோஹர் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். காலையில் வானத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம், மழை வலுத்தால் மறுநாளைக்குத் தள்ளலாம். மேற்குக் கரைக் காற்றுக்குக் குடை தாங்காது. தொப்பி வைத்த மழைக் கோட்டு ஆளுக்கொன்று கட்டாயம்.

ரயிலை நம்பிப் போகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். பாதைகள் பெரும்பாலும் டப்ளினிலிருந்துதான் பிரிகின்றன. கால்வேயிலிருந்து கார்க்குக்கு நேரடி ரயில் இல்லை, பஸ்தான் சுலபம். டப்ளினிலேயே இரண்டு பெரிய நிலையங்கள் உண்டு. கார்க், கால்வே ரயில்கள் ஹியூஸ்டனிலிருந்து புறப்படும். பெல்ஃபாஸ்ட், ஸ்லைகோ ரயில்கள் கொனொலியிலிருந்து. நிலையம் மாறிப் போய் நின்றால், லுவாஸ் டிராமின் சிவப்புத் தடத்தில் ஊரின் மறுகோடிக்கு ஓட வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால் மிகப் பெரிய தவறு, டப்ளினில் இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் கில்மேனம் சிறைக்கு முன்பதிவு செய்யாமல் போவது. வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள். டிக்கெட்டுகள் 28 நாள் முன்னதாக இணையத்தில் வரும், கோடையில் சீக்கிரமே தீர்ந்துவிடும். அதனால் விமான டிக்கெட் எடுத்த கையோடு சிறை டிக்கெட் வெளியாகும் தேதியையும் குறித்து வையுங்கள். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியின் தலைவர்களில் 14 பேரைச் சுட்டுக் கொன்றது இந்தச் சிறை முற்றத்தில்தான். அவர்களில் ஒருவர் ஜோசப் பிளங்கெட். மே 3 இரவு, சிறைக்குள் இருந்த சிற்றாலயத்தில் கிரேஸ் கிஃபோர்டை மணந்தார். அதன்பின் அவருடைய அறையில், காவலர்கள் பார்த்திருக்க, இருவரும் சேர்ந்திருக்கக் கிடைத்தது பத்து நிமிடம். விடியற்காலையில் பிளங்கெட்டைச் சுட்டுவிட்டார்கள். உள்நாட்டுப் போரின்போது, 1923-இல், கிரேஸையும் இதே சிறையில் அடைத்தார்கள். தன் அறைச் சுவரில் குழந்தையோடு இருக்கும் மேரி மாதாவை அவர் வரைந்தார். அந்த ஓவியத்தை இன்றும் காட்டுகிறார்கள். அயர்லாந்தில் கணவன் மனைவி சேர்ந்து பார்த்தே தீர வேண்டிய இடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். தயவுசெய்து இதை அவசர அவசரமாகப் பார்க்காதீர்கள். அன்றைக்கு இன்னொரு பெரிய இடம் வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

நியூகிரேஞ்ச் என்ற கற்காலக் கல்லறை மேட்டின் விஷயத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. காரில் வழிகாட்டும் கருவியில் பெயரைப் போட்டு நேராக மேட்டுக்கே போய்விடுகிறார்கள். அங்கே நுழைவு கிடையாது. பாய்ன் ஆற்றின் தென்கரையில், டோனோர் பக்கம் இருக்கும் ப்ரூ நா போய்ன் பார்வையாளர் மையத்துக்குத்தான் போக வேண்டும். அங்கிருந்து அவர்களுடைய பஸ்ஸில் மேட்டுக்கு அழைத்துப் போவார்கள். எடுக்கும் டிக்கெட்டில் உள்ளறையும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அது தனிக் கணக்கு. ஏறக்குறைய கி.மு. 3200-இல் கட்டியது, கீசா பிரமிடுகளைவிடப் பழையது. டிசம்பர் இறுதியில், ஆண்டின் மிகக் குறுகிய பகலையொட்டி, வாசலுக்கு மேலுள்ள திறப்பு வழியாக உதய சூரியனின் ஒளி 19 மீட்டர் பாதையைக் கடந்து உள்ளறையைத் தொடும். அந்த நாட்களில் உள்ளே நிற்கக் குலுக்கல் முறையில்தான் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்ற நாட்களில் விளக்கை வைத்து அதை நடித்துக் காட்டுவார்கள். அதுவே மெய்சிலிர்க்க வைக்கும்.

அப்புறம், டிரினிட்டி கல்லூரியில் கெல்ஸ் நூலை, அதாவது துறவிகள் கையால் எழுதி வண்ணம் தீட்டிய பழைய நற்செய்தி நூலை, பார்த்ததோடு டப்ளினின் பழமை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நூலில் ஒரு நேரத்தில் திறந்து வைத்திருப்பது ஓரிரு பக்கங்கள்தான். அதற்குக் கட்டணமும் உண்டு. கொஞ்ச தூரம் நடந்தால் கில்டேர் தெருவில் தேசிய அருங்காட்சியகம், அனுமதி இலவசம். தாரா அணிகலன், 1868-இல் கிடைத்த அர்டா கிண்ணம், சதுப்பு நிலத்தில் அழுகாமல் கிடைத்த பழங்கால மனித உடல்கள் எல்லாம் அங்கேதான். டப்ளின் கோட்டையை ஒட்டியிருக்கும் செஸ்டர் பீட்டி நூலகமும் இலவசம்தான்.

வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு இடது பக்கம் ஓட்டுவது பழக்கம்தான், சிக்கல் வேறு இடத்தில். தானியங்கி கியர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்க வேண்டும், விலையும் கூடும். டப்ளினைச் சுற்றும் எம்50 சாலையில் சுங்கச்சாவடியே கண்ணில் படாது, கேமரா பதிவு செய்துகொள்ளும். மறுநாள் இரவு 8 மணிக்குள் கட்டாவிட்டால் அபராதம். அதை யார் கட்டுவது என்று சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக விசா. ஷெங்கன் விசா அயர்லாந்தில் செல்லாது, தனியாக வாங்க வேண்டும். பெல்ஃபாஸ்டும் டெர்ரியும் வட அயர்லாந்தில், அதாவது பிரிட்டனின் ஆட்சியில் இருக்கின்றன. எல்லையில் யாரும் நிறுத்திக் கேட்காததால் அனுமதி இருக்கிறது என்று அர்த்தமாகிவிடாது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களின் ஐரிஷ் விசாவில் பிஐவிஎஸ் (பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம்) என்ற குறிப்பு இருந்தால், முதலில் அயர்லாந்துக் குடியரசில் இறங்கிவிட்டு வடக்கே போகலாம். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு அந்த வசதி இல்லை, பிரிட்டன் விசா தனியாக வேண்டும். விசா கைக்கு வந்ததும் அந்தக் குறிப்பு இருவருக்குமே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பெல்ஃபாஸ்ட் அறைக்குப் பணம் கட்டுங்கள்.